வாங்கில் இருந்தவர்

ஒரு பிள்ளையைப் பூங்காவுக்குத் தனியாக அனுப்புவதற்குச் சரியான வயது எது? பனி கரைந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியோடு திரிகிறேன். இணையத்தில் தேடினால் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு வயதைச் சொல்கிறாள். குடும்ப வைத்தியரிடம் கேட்டேன். "பிள்ளையைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மகளுக்கு ஒன்பது வயது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால்தான் பூங்கா. மாடி யன்னலில் நின்றால் சறுக்கின் உச்சி மட்டும் தெரியும். மிச்சத்தை மேப்பிள் மரங்கள் மறைத்துவிடும். இலை கொட்டிய பிறகு எல்லாம் தெரியும், ஆனால் அப்போது அங்கே விளையாட யாரும் போவதில்லை.

"அம்மா, எல்லாரும் தனியத்தான் வருகினம்" என்கிறாள். "நீங்க கோப்பியோட வந்து நிக்கிறது சோ எம்பரஸிங்."

"நான் தூரத்திலதானே நிக்கிறன்."

"தூரத்தில நிண்டாலும் நீங்க பாக்கிறது தெரியுது."

அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்ததற்குக் காரணம், அவளுடைய வயதில் நான் தனியாகப் பூங்காவுக்குப் போனவள். என்னைப் பற்றி நானே மதித்துக்கொள்கிற சில விஷயங்களில் அதுவும் ஒன்று. முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோதும், நெடுஞ்சாலையில் முதன்முதலாகக் கார் ஓட்டியபோதும், 'ஒன்பது வயதில் கழுத்தில் சாவியோடு திரிந்தவள்தானே நீ' என்று எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். என்னைப் போல ஸ்காபரோவில் வளர்ந்து, இப்போது கராஜும் பின்வளவும் உள்ள வீடுகளில் பிள்ளை வளர்க்கிற உங்களுக்கு அந்தச் சாவியைத் தெரிந்திருக்கும். சப்பாத்து நாடாவில் கோத்து, சட்டைக்கு உள்ளே, தோலில் படுகிற மாதிரித் தொங்கும். வெயிலில் ஓடிவிட்டுக் குனிந்தால் அது வெளியே விழுந்து, திரும்ப உள்ளே போடும்போது நெஞ்சைச் சுடும்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் மாடியில் இருந்தோம். அப்பா லொறியில் அமெரிக்கப் பக்கம் போனால் வாரக்கடைசியில்தான் முகம் தெரியும். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பகல் வேலை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பள்ளிக்கூடம் இருக்கும்வரை சமாளித்தார்கள். கோடை விடுமுறை வந்தபோது அம்மாவுக்கு ஒரே வழியாகத் தெரிந்தது, கட்டடத்துக்கு எதிரே இருந்த பூங்காதான்.

அங்கே மாநகரசபை ஒரு கோடைத் திட்டம் நடத்தியது. இலவசம். பச்சை ரீசேர்ட் போட்ட ஒரு இளம்பெண் காலையில் வந்து மணிகள், நாடாக்கள், பந்துகள் எல்லாம் உள்ள ஒரு பெட்டியைத் திறப்பாள். அவளை நாங்கள் 'லீடர்' என்று கூப்பிடுவோம். பிள்ளைகள் நினைத்த நேரம் வரலாம், நினைத்த நேரம் போகலாம். யார் வந்தது, யார் போனது என்று அவள் பார்ப்பதில்லை, அது அவளுடைய வேலையும் இல்லை. அம்மாவுக்கு அது விளங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மாநகரசபை என்றால் அரசாங்கம், அரசாங்கத்தின் கண் முன்னால் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்தார் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு முக்கியமானது குளம். முழங்கால் அளவு ஆழம்கூட இல்லாத வட்டமான சீமெந்துத் தொட்டி அது. அடியில் பூசியிருந்த நீல நிறம் செதில் செதிலாகக் கழன்று உள்ளங்காலில் ஒட்டும். காலையில் லீடர் குழாயைத் திறந்துவிடுவாள். முதலில் வரும் தண்ணீரில் இரும்பு வாசனை. பிறகு அவள் மருந்தை ஊற்றியதும் கண் எரியும். காலைத் தண்ணீரில் கால் வைத்தால் பல் கிட்டும். மத்தியானத்துக்குப் பிறகு அதே தண்ணீர் குளிக்க வார்த்த வெந்நீர் மாதிரி ஆகிவிடும், யாருடையதோ பிளாஸ்டர் ஒன்று எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். சாயந்தரம் அடைப்பைத் திறந்து எல்லாத் தண்ணீரையும் விட்டுவிடுவார்கள். சுழன்று இறங்கும் கடைசித் தண்ணீரில் யார் காலை வைப்பது என்று எங்களுக்குள் சண்டை வரும்.

அம்மாவின் விதிகள் கொஞ்சம்தான். வீதியைக் கண்ட இடத்தில் கடக்காதே, சிக்னல் விளக்குள்ள சந்தியால் போ. யாருடைய வீட்டுக்கும் போகாதே. யாராவது "அம்மா எங்கே" என்று கேட்டால் "வீட்டில் சமைக்கிறா" என்று சொல்லு. கடைசி விதியை அவர் காலையில் தலை இழுத்துப் பின்னும்போது கேட்டுப் பார்ப்பார்.

"அம்மா எங்கை?"

"வீட்டில சமைக்கிறா."

"சிரிக்காமல் சொல்லு."

"வீட்டில சமைக்கிறா!"

"கத்தாதை. சாதாரணமாச் சொல்லு."

ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு காரணம் தெரியும். தனியாக விட்ட பிள்ளையை அரசாங்கம் வந்து கொண்டுபோய் வேறு ஆட்களிடம் கொடுத்துவிடும். யாருடைய பிள்ளையையாவது அப்படிக் கொண்டுபோனார்களா என்றால் யாருக்கும் பெயர் தெரியாது. ஆனால் மின்தூக்கியில் நின்று கதைக்கும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

எங்கள் மாடியில், மூன்று கதவு தள்ளி, ஒரு அங்கிள் இருந்தார். வேறு இரண்டு ஆண்களோடு ஒரு அறை வீட்டைப் பங்குபோட்டிருந்தார். களஞ்சியசாலை ஒன்றில் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய், இடுப்பைச் சுற்றி அகலமான பட்டி கட்டியிருப்பார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். அவர்களை இங்கே கூப்பிடும் அலுவல் நடந்துகொண்டிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எப்போது கேட்டாலும் அது நடந்துகொண்டுதான் இருந்தது.

அவர் தினமும் பூங்காவுக்கு வருவார். கையில் ஒரு சோபாக் குஷன். மண்ணிறத்தில், கோடு கோடான துணி, ஒரு மூலையில் பிசிர். அதை நீள மர இருக்கையான வாங்கில் வைத்து, அதன்மேல் மெதுவாக இருப்பார். சட்டைப்பையில் கச்சான் கடலை. தோலைக் கீழே போடமாட்டார், மற்றப் பைக்குள் போடுவார். நாங்கள் குளத்தில் நின்றால் குளத்துக்குப் பக்கத்து வாங்கு. ஊஞ்சலுக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் குஷனும் ஊஞ்சல் பக்கம் வந்துவிடும். முதுகு வலிக்கிற மனிதர் ஏன் இப்படி இடம் மாறுகிறார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. நிழல் தேடுகிறார் என்று நினைத்திருக்கலாம்.

மரத்தடி மேசையில் வயதான அண்ணைமார் சீட்டு விளையாடுவார்கள். நாலு கை வேண்டிய விளையாட்டு. ஒருவர் வராத நாளில் வாங்கைப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

"தம்பி, வாருமன். ஒரு கை குறையுது."

"இல்லை அண்ணை, எனக்கு உதிலை இருக்கேலாது."

"வாங்கில இருக்கேலுமாம், மேசையில இருக்கேலாதாம்!"

"விடும் ஐசே, அவர் பெரிய உத்தியோகத்தில இருக்கிறார். கச்சான் உடைக்கிற திணைக்களம்."

அவரும் சிரிப்பார். ஆனால் எழும்பமாட்டார்.

சாயந்தரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அம்மா வந்து சமைத்ததும், ஐஸ்கிறீம் டப்பாவில் சோறும் கறியும் போட்டுத் தருவார். "அங்கிளுக்குக் குடுத்திட்டு வா." மூடி இறுகாமல் குழம்பு விரலில் வழியும் என்பதால் எனக்கு அந்த வேலை பிடிக்காது.

"ஏன் அம்மா அவருக்கு ஒவ்வொரு நாளும்?"

"தனிய இருக்கிற மனுசன்."

மறுநாள் டப்பா கழுவித் திரும்பி வரும். ஒருநாளும் வெறுமையாக வராது. ஒரு பிடி கச்சான், இரண்டு ரொபி, ஒருமுறை ஒரு தோடம்பழம். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்கிற எங்கள் வழக்கத்தை, அறை வீட்டில் இரண்டு ஆண்களோடு இருந்தபோதும் அவர் விடவில்லை.

கோடையின் நடுவில் ஒருநாள் ஊஞ்சலிலிருந்து விழுந்தேன். உயரத்தில் இருந்து கையை விட்டுக் குதிக்கிற போட்டி. கீழே போட்டிருந்த மரச்சீவல் முழங்காலைக் கிழித்தது. வலி வருவதற்கு முன்னால் முதலில் கண்டது அங்கிளின் சப்பாத்துகளைத்தான். லீடர் பெட்டியிலிருந்து நிமிர்வதற்குள் அவர் அங்கே நின்றார். என்னைத் தொடவில்லை. மூச்சு வாங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, லீடரிடம் தன் கைக்குட்டையை நீட்டினார். அவள் கட்டினாள். அவர் திரும்ப நடந்து போக நெடுநேரம் எடுத்தது.

அந்த ஓட்டத்தை ஒரு அன்ரி கண்டிருந்தார். அவர் அடுக்குமாடியில் இருப்பவர் அல்ல, பூங்காவின் மறுபக்கம் இருந்த ரவுன்ஹவுஸ் என்கிற தொடர்வீட்டு வரிசையில் இருந்தவர். தன் இரண்டு பையன்களோடு நாள் முழுதும் குளத்தோரம் இருப்பார். வீதிக்கு இந்தப் பக்கத்து ஆட்களை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. என்னிடம் வந்து குனிந்தார்.

"நோகுதோ பிள்ளை? உவர் உங்கட சொந்தமோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப ஏன் ஓடி வந்தவர்? அம்மா எங்கை?"

"வீட்டில சமைக்கிறா." சிரிக்காமல், கத்தாமல், சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து வாங்கைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு தாயிடம், "உவன் ஒவ்வொரு நாளும் உதிலை இருந்து பிள்ளையளைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான். நான் கவனிச்சனான்" என்றார். 'உவர்' எப்போது 'உவன்' ஆனது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது அந்த இரண்டு வசனங்களும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கின்றன.

அந்த அன்ரியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில், தாய் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குச் சொந்தமில்லாத ஒரு தனி மனிதன். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சில நாள் கழித்து, மாநகரசபையின் வெள்ளை வாகனம் புல்லின்மேல் ஏறி வந்து நின்றது. லீடருக்கு மேலதிகாரி, நடுவயது, கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். அன்றைக்கு அம்மா வேளைக்கே வந்துவிட்டிருந்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாம். சாப்பாட்டுப் பையோடு வேலியோரம் நின்று எனக்குக் கை காட்டினார். நான் ஈரக்காலோடு ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

மேலதிகாரி வாங்குக்குப் போனார். மரியாதையாகத்தான் கேட்டார், சத்தம் போடவில்லை. "இதில் எந்தப் பிள்ளை உங்களுடையது?"

அங்கிள் குளத்தைப் பார்த்தார். பிறகு வேலிப் பக்கம் பார்த்தார். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை இறுகியது நினைவிருக்கிறது. எனக்குப் பசிக்கும் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் இறுக்கிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நோ சைல்ட்" என்றார் அங்கிள். "ஹியர், நோ சைல்ட்."

விளையாடும் இடம் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கானது, திரும்பவும் இங்கே கண்டால் பொலீசைக் கூப்பிடவேண்டி வரும் என்று மேலதிகாரி சொன்னார். அங்கிள் ஓம் ஓம் என்று தலையாட்டினார். வாங்கின் முதுகைப் பிடித்து எழும்பி, அடுக்குமாடிக்கு நேரே போகாமல் பஸ் தரிப்பிடப் பக்கமாக நடந்தார். சீட்டு மேசையில் எல்லாரும் தங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து மற்றப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

குஷன் வாங்கிலேயே கிடந்தது. அன்றிரவு மழை. மறுநாள் அது ஊதிப்போய், இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. ஒரு பையன் அதில் ஏறிக் குதித்தபோது மண்ணிறத் தண்ணீர் பீச்சியடித்தது. லீடர் அதைக் குச்சியால் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அன்றைய டப்பா இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பியது. கதவுக்கு வெளியே, தரையில் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அம்மா அதைக் கழுவினார். அது ஏற்கெனவே கழுவியிருந்தது.

அடுத்த கிழமை அம்மா இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். பகலில் அவர் திரைச்சீலையை மூடிப் படுத்திருப்பார், நான் ரீவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். பல்கனியில் நின்றால் குளம் ஒரு நீலக் காசு மாதிரித் தெரியும். பூங்காவுக்கு ஏன் போகக்கூடாது என்று கேட்டதற்கு, "நீ விழுந்தனியெல்லோ" என்றார். முழங்காலுக்காகத்தான் என்று முப்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வைகாசியில்தான் மிச்சம் தெரியவந்தது. அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். மகளைத் தனியாக விடுவதா இல்லையா என்று என் கணவரோடு எனக்கு வாக்குவாதம். அவர், கையில் கட்டுகிற, ஆள் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார். நான், "என்னை அம்மா ஒன்பது வயதில தனிய விட்டவ, கடிகாரம் ஒண்டும் இல்லை, நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்றேன்.

அம்மாவின் கையில் கத்தி நின்றது.

"ஆர் சொன்னது உன்னைத் தனிய விட்டனான் எண்டு?"

"விட்டனீங்கள்தானே. மல்வேர்னில. சாவியோட."

"விசர்க்கதை கதைக்காதை. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனிய விட எனக்கென்ன பைத்தியமோ? அந்த மனுசனைக் கேட்டெல்லோ விட்டனான். நீ கண்டுபிடிச்சா வீம்புக்கு ஓடி ஒளிப்பாய் எண்டு, கதைக்காமல் பாத்துக்கொள்ளச் சொன்னனான். சும்மாவே சோறு குடுத்து விட்டனான்?"

குஷன் குளத்துக்கும் ஊஞ்சலுக்கும் நடந்து நடந்து போனது என் மனதில் ஒருமுறை ஓடி முடிந்தது.

"அப்ப ஏன் அவர் பிள்ளை இல்லையெண்டு சொன்னவர்?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? இந்தப் பிள்ளையைத்தான் பாக்கிறன் எண்டு சொன்னா, தாய் எங்கை எண்டுதானே அடுத்த கேள்வி. அவருக்கும் பயம். பொலீசில பேர் போனா பெண்சாதி பிள்ளையளின்ர அலுவல் குழம்பும் எண்டு."

"நீங்கள் அங்கைதானே நிண்டனீங்கள்."

"நிண்டனான்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் அம்மா. லீக்ஸின் வேர்ப்பக்கத்தை வெட்டி எறிந்தார். "உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தா?"

அங்கிள் பிறகு மொன்றியல் பக்கம் போய்விட்டாராம். குடும்பம் வந்ததா என்று கேட்டேன். "வந்திருப்பினம்" என்றார். தெரியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருக்களின் தாய்மார் சேர்ந்து ரெலிபோனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பழைய சைக்கிள் விற்க, காய்ச்சல் மருந்து கேட்க என்று நல்ல உதவியான குழு. அதில் ஒருவர் ஒரு படம் போட்டார். பின்னாலிருந்து எடுத்தது. எங்கள் பூங்கா, சறுக்கு, வாங்கில் ஒரு மனிதர். தொப்பி, பக்கத்தில் ஒரு கடைப்பை. 'இவரை யாருக்காவது தெரியுமா? தினமும் பின்னேரம் வருகிறார், பிள்ளைகளையே பார்க்கிறார்.' கீழே மளமளவென்று பதில்கள். தன் பிள்ளையை இன்று அனுப்பமாட்டேன் என்று ஒருவர். மாநகரசபைக்கு அறிவிப்போம் என்று ஒருவர். ஆமோதிக்கும் பெருவிரல் அடையாளங்கள் பல.

நானும் அவரைக் கண்டிருக்கிறேன். கண்ட அன்றைக்கு மகளை ஊஞ்சலிலிருந்து இறக்கி மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் கதையைக் கேட்ட பிறகுதான் அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். சின்ன வயதில் வாங்கில் இருந்தவர் நல்லவர் என்பதால், இப்போது வாங்கில் இருப்பவரும் நல்லவர் என்று ஆகிவிடாது. இவர் யாரென்று எனக்குத் தெரியாது. மகளின் உயிரை வைத்து நான் பரீட்சை பார்க்கமுடியாது.

ஆனாலும் குழுவில் பெருவிரல் போட என்னால் முடியவில்லை. 'யாராவது அவரிடம் போய்க் கேட்டீர்களா?' என்று எழுதினேன். அழித்துவிட்டேன். கேட்பது போதாது. அன்றைக்கும் கேட்டார்கள்தானே. மரியாதையாக, சத்தம் போடாமல், எந்தப் பிள்ளை உங்களுடையது என்று கேட்டார்கள். அவர் பொய் சொன்னார். அதற்கு முன்னால் என்னையும் கேட்டார்கள். நானும் பொய்தான் சொன்னேன். உண்மை தெரிந்த இன்னொருவர் வேலியோரம் நின்றார், அவரை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மகளைத் தனியாக விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். கடிகாரம் வந்துவிட்டது, அவள் அதை இப்போதே கட்டிக்கொண்டு திரிகிறாள். குழுவில் மாநகரசபைக்கு யார் அறிவிப்பது என்று கதை போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது செய்துவிடுவார்கள்.

அதற்கு முன்னால் நான் வாங்குக்குப் போய் அவரோடு கதைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கும் ஒன்றும் ஆகாது, அவர் யாருக்காக அங்கே இருக்கிறாரோ அந்த வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது என்று அவர் நம்புகிற மாதிரி ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? அதேவேளை, அவர் யாருக்காகவும் அங்கே இல்லையென்றால், அதுவும் எனக்குத் தெரியவேண்டுமே. உங்களில் யாராவது இப்படி ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறீர்களா? முதல் வசனமாக என்ன சொன்னீர்கள்? தெரிந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கு முன் கிடைத்தால் நல்லது.